நாற்காலிக் காலில் விரிசல் பார்த்த பெண்

அன்புள்ள அம்மாவுக்கு,

மகளை எந்தப் படிப்பில் சேர்ப்பது என்று கேட்டு நேற்று நீங்கள் மூவரும் என் அறையில் ஒன்றரை மணி நேரம் இருந்தீர்கள். அதில் உங்கள் மகள் வாய் திறந்தது ஒரே ஒரு முறை. கீழே விழுந்த பேனாவை எடுக்கக் குனிந்தவள் அங்கேயே சற்று நின்றாள். பிறகு, “இந்த நாற்காலிக் காலில் வெல்டிங் ஒரு பக்கம்தான் பிடித்திருக்கிறது, பார்த்து உட்காருங்கள்” என்றாள். நீங்கள் “சும்மா இரு” என்று அதட்டினீர்கள். நீங்கள் போன பிறகு நாற்காலியைக் கவிழ்த்துப் பார்த்தேன். இணைப்பின் ஓரத்தில் மயிரிழை போல ஒரு விரிசல் ஓடியது. அந்த நாற்காலியை அப்போதே ஒதுக்கிவைத்துவிட்டேன்.

உங்கள் கண்ணீரைப் பார்த்து, “கவலைப்படாதீர்கள், பார்த்துக்கொள்ளலாம்” என்று நேற்று சொன்னேன். அது வெறும் ஆறுதல். ஆலோசனையை இப்போது எழுதுகிறேன்: வீட்டை அடமானம் வைத்து அவளைக் கணினிப் பொறியியலில் சேர்க்காதீர்கள். அவளுடைய பெரியப்பா சொல்லும் காரணம் ஒன்றே ஒன்றுதான், “நம் குடும்பத்தில் எல்லோரும் அதைத்தான் படித்தார்கள்.” கடனுக்குக் கையெழுத்துப் போடப்போவது அவரல்ல. நான்கு ஆண்டுகள் அந்தப் பாடங்களோடு உட்காரப்போவதும் அவரல்ல. மதிப்பெண் வந்திருக்கிறது என்பதாலேயே நாட்டமும் வந்துவிடாது. நிரல் எழுதும் வகுப்பைப் பற்றி நான் கேட்டபோது அவள் முகம் சுருங்கியதை நீங்களும் பார்த்தீர்கள்.

பொறியியல் பட்டம் வேண்டாம், தொழிற்படிப்பு என்றதும் எலக்ட்ரீஷியன், ஏசி மெக்கானிக், ஆய்வக டெக்னீஷியன் என்று அக்கம்பக்கத்தில் யாரும் சொல்லிவிடுவார்கள். எல்லாம் நல்ல வேலைகள்தான். அவற்றை விசாரிக்க நான் தேவையில்லை. யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். பொருளை உடைக்காமல், அறுக்காமல் அதற்குள் இருக்கும் குறையைக் கண்டுபிடிக்கும் வேலை அது. துறையில் இருப்பவர்கள் என்.டி.டி. (நான்-டிஸ்ட்ரக்டிவ் டெஸ்டிங்) என்பார்கள். எண்ணெய்க் குழாய், கொதிகலன், பாலம், கப்பல், விமானம் எல்லாவற்றுக்கும் அவர்கள் தேவைப்படுகிறார்கள்.

எளிய முறையைச் சொன்னால் உங்களுக்கே பிடிபடும். வெல்டிங்கை எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைத்து, சிவப்புச் சாயம் தெளித்து, பத்து நிமிடம் போலக் காத்திருக்க வேண்டும். மேலே நிற்கும் சாயத்தைத் துணியால் துடைத்துவிட்டு, வெள்ளைப் பொடிக் கரைசலை மெல்லிய படலமாகத் தெளித்தால், விரிசலுக்குள் புகுந்த சாயம் வெள்ளையில் சிவப்புக் கோடாகக் கசிந்து வரும். துடைக்கும் திரவத்தைத் துணியில் தெளிக்காமல் நேராக வெல்டிங் மேலேயே அடிப்பவர் உண்டு. உள்ளே இருந்த சாயமும் கழுவிக்கொண்டு போய்விடும். விரிசல் இருந்தும் தெரியாது. பொறுமைக்குத்தான் இங்கே சம்பளம்.

அடுத்தது அல்ட்ராசோனிக், அதாவது காதுக்குக் கேட்காத ஒலியை உள்ளே அனுப்பிச் சோதிப்பது. எஃகுக்குள் ஒலி நொடிக்குச் சுமார் 5,900 மீட்டர் வேகத்தில் ஓடும். கருவியின் முனைக்கும் எஃகுக்கும் நடுவே காற்று இருந்தால் ஒலி உள்ளே போகாது என்பதால் ஜெல் தடவி நகர்த்துவார்கள். அடிப்பரப்பில் பட்டுத் திரும்பும் எதிரொலி திரையில் ஒரு முள்ளாக எழும். அதற்கு முன்னால் இன்னொரு முள் எழுந்தால் நடுவில் ஏதோ இருக்கிறது. அது குறையா, வெல்டிங்கின் வடிவமா என்று பிரித்துச் சொல்வதுதான் தேர்ச்சி.

இதைச் சின்ன வேலை என்று பெரியப்பா சொன்னால் 1989 ஜூலை 19 அன்று அமெரிக்காவின் சூ சிட்டியில் நடந்ததைச் சொல்லுங்கள். நடுவானில் விமானத்தின் வால்பகுதி எஞ்சினில் ஒரு டைட்டானியம் தட்டு உடைந்தது. 296 பேரில் 112 பேர் இறந்தார்கள். ஒளிரும் சாயம் கொண்டு செய்த முந்தைய சோதனையிலேயே அந்தத் தட்டில் இருந்த விரிசலைக் கண்டுபிடித்திருக்கலாம் என்றது விசாரணை. அன்று அந்தத் தட்டைப் பார்த்தவரின் கண்ணைத்தான் அத்தனை பேரும் நம்பியிருந்தார்கள்.

இயந்திரவியல் டிப்ளமோவோ, வெல்டிங்கில் தொழிற்பயிற்சியோ முடித்துவிட்டு, ஒவ்வொரு சோதனை முறைக்கும் தனித்தனியே சான்றிதழ் எடுக்க வேண்டும். ஐ.எஸ்.ஓ. 9712 என்ற சர்வதேசத் தரநிலை மூன்று நிலைகளை வகுத்திருக்கிறது. முதல் நிலையில் இருப்பவர் மேற்பார்வையில் சோதிப்பார். இரண்டாம் நிலையில் இருப்பவர் முடிவைக் கணித்து அறிக்கையில் கையெழுத்திடுவார். மூன்றாம் நிலையில் இருப்பவர் செய்முறையையே வகுப்பார். சான்றிதழ் ஐந்தாண்டுக்குச் செல்லும். பிறகு புதுப்பிக்க வேண்டும்.

பணம் கட்டும் இடத்தில் கறாராக இருங்கள். ஒரே வாரத்தில் எல்லா முறையிலும் இரண்டாம் நிலை என்று விளம்பரம் வந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். வகுப்பும் தேர்வும் மட்டும் போதாது; களத்தில் வேலை செய்த அனுபவமும் கணக்கில் வர வேண்டும். அங்கே தரப்போவது எந்தத் தரநிலையின்படியான சான்றிதழ், களப்பயிற்சி எங்கே, கருவி மாணவர் கைக்கு எத்தனை மணி நேரம் கிடைக்கும் என்று கேளுங்கள். மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள். படிப்பு முடிந்த கையோடு எல்லாச் சான்றிதழ்களையும் வாங்கிக் குவிக்கவும் வேண்டாம். சாயச் சோதனையும் அல்ட்ராசோனிக்கும் போதும்; மற்றதை வேலைக்குப் போன பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கஷ்டத்தையும் மறைக்க மாட்டேன். ஆலையை நிறுத்திப் பராமரிக்கும் நாட்களில் இரவு பகல் இராது. உயரத்தில் ஏற வேண்டும், தொட்டிக்குள் இறங்க வேண்டும், ஊர் ஊராகப் போக வேண்டும். கதிர்வீச்சால் படம் எடுக்கும் ரேடியோகிராபிக்குத் தனிப் பாதுகாப்புப் பயிற்சி கட்டாயம். உடம்பில் படும் அளவைக் காட்டும் பட்டையை அணிந்தபடிதான் வேலை. “பெண் பிள்ளை அங்கெல்லாம் ஏறுவாளா?” என்று கேட்டீர்கள். அவளைக் கேளுங்கள். ஏற மாட்டேன் என்று அவள் சொன்னால் தொழிற்சாலைக்குள் உதிரி பாகங்களைச் சோதிக்கும் பிரிவு இருக்கிறது. அங்கே மேசையில் வைத்தே பார்க்கலாம்.

கட்டணம் என்று ஒரு காசு கொடுப்பதற்கு முன் கண் மருத்துவரிடம் போங்கள். 30 சென்டிமீட்டர் தூரத்தில் மிகச் சிறிய எழுத்தைப் படிக்கத் தெரிய வேண்டும். கண்ணாடி போட்டுப் படித்தாலும் சரி. நிற வேறுபாடும் தெரிய வேண்டும். அதில் தேறாவிட்டால் வேறு வழி பேசலாம், பணமாவது மிஞ்சும்.

அடுத்த வாரம் கண் மருத்துவர் தரும் சீட்டோடு வாருங்கள். பெரியப்பா வர விரும்பினால் அவரையும் அழைத்து வாருங்கள், நான் பேசிக்கொள்கிறேன். ஆனால் முதல் அரை மணி நேரம் உங்கள் மகளோடு நான் தனியாகப் பேச வேண்டும். மற்றவர்கள் வெளியே காத்திருங்கள்.