அம்ப் எப்போது வாயைத் திறக்க வேண்டும்? (கேள்வி பதில்)

கொட்டாஞ்சேனையில் ஒரு சின்னப் பட்டறையில் இருந்து எழுதுகிறேன். இந்தக் கிழமை அம்ப் (பாட்டுச் சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர்) பற்றி வந்த கேள்விகளில் பாதி 'தொம்' பற்றியது, மீதி 'கரகர' பற்றியது. அதனால் வோல்யூம், மியூட் (சத்தத்தை அடைப்பது), போடுகிற நிற்பாட்டுகிற ஒழுங்கு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போட்டுவிட்டேன்.

கேள்வி (வெள்ளவத்தை): அண்ணா, டிடிஏ 7294 (அம்ப் ஐசி) போட்டு ஒரு அம்ப் கட்டினேன். போடும்போது சத்தமில்லை. நிற்பாட்டினால் மட்டும் கொஞ்ச நேரம் கழித்து 'தொம்' என்று ஓர் அடி. அப்பா நித்திரையால் எழும்பிவிடுகிறார்.

பதில்: தம்பி, உங்கள் ஐசியின் மியூட் கால் எங்கிருந்து வோல்ட் எடுக்கிறது என்று பாருங்கள். அனேகமாக பிரதான பிளஸ் லைனில் இருந்துதான். சுவிட்சை நிற்பாட்டிய பிறகும் பெரிய கப்பாசிட்டர்களில் கரண்ட் நிற்கும். அவை வடிந்து முடியும்வரை மியூட் காலும் 'பாடு, பாடு' என்றே சொல்லிக்கொண்டிருக்கும். பிளஸ்ஸும் மைனஸும் ஒரே வேகத்தில் இறங்காது. அந்தக் கடைசித் தடுமாற்றம்தான் உங்கள் தொம்.

இந்த ஐசியில் 9ஆம் கால் ஸ்டான்ட்பை (ஐசியையே தூங்க வைப்பது), 10ஆம் கால் மியூட். இரண்டுமே 1.5 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் வாய் மூடியிருக்கும், 3.5 வோல்ட்டுக்கு மேலே போனால் வேலை செய்யும். போடும்போது முதலில் ஸ்டான்ட்பை விலக வேண்டும், பிறகு மியூட். நிற்பாட்டும்போது முதலில் மியூட் விழ வேண்டும், பிறகு ஸ்டான்ட்பை. அதாவது உள்ளே நடக்கும் ஆரவாரம் எல்லாம் மியூட் என்ற கதவு மூடியிருக்கும்போதே நடந்து முடிய வேண்டும்.

நான் செய்வது இதுதான். ட்ரான்ஸ்போமரின் ஏசி முனையில் இருந்து ஒரு டயோடு, ஒரு சின்ன கப்பாசிட்டர், தொடர்ச்சியாக ஒரு ரெசிஸ்டர், 5.1 வோல்ட் ஸீனர் (வோல்ட்டை அதற்கு மேல் ஏறவிடாத டயோடு), ஸீனருக்குக் குறுக்கே வடிப்பதற்கு 2.2 கிலோ ஓம். மெயின்ஸ் போனதும் இந்த 5 வோல்ட் சில ஏசி சுற்றுக்குள் விழுந்துவிடும். நம் நாட்டில் 50 ஹெர்ட்ஸ், ஒரு சுற்று 20 மில்லி செக்கன். அங்கிருந்து மியூட் காலுக்கு 20 கிலோ ஓம். ஸ்டான்ட்பைக்கு 30 கிலோ ஓம், அதற்குச் சமாந்தரமாக ஒரு 10 கிலோவும் 1என்4148 டயோடும். டயோடின் கோடு போட்ட பக்கம் ஸ்டான்ட்பை காலை நோக்கி இருக்க வேண்டும். இரண்டு காலிலும் கிரவுண்டுக்கு 10 மைக்ரோஃபரட். ஏறும்போது டயோடு வழியாக ஸ்டான்ட்பை முந்தும், இறங்கும்போது டயோடு அடைபட்டு அது பிந்தும். மியூட் நடுவில் நிற்கும். மூன்று ரெசிஸ்டரும் ஒரு டயோடும் சேர்ந்து ஒழுங்கைத் தாமாகவே பார்த்துக்கொள்ளும்.

கேள்வி (தெகிவளை): ஐயா, வோல்யூமைத் திருப்பினால் கரகர. கிளீனர் அடித்தால் போகிறது, ஒரு கிழமையில் திரும்பி வருகிறது. கடல் காற்றுதானே காரணம்?

பதில்: கடல் காற்றையும் குற்றம் சொல்லலாம், காலி வீதிக்குக் கடல் பக்கம் இருக்கிற வீடுகளில் எந்த உலோகத்துக்கும் ஆயுள் குறைவுதான். ஆனால் ஒரு கிழமையில் திரும்பி வந்தால் நான் பொட்டை (வோல்யூம் திருகும் பொட்டென்ஷியோமீட்டரை) சந்தேகிக்க மாட்டேன், அதற்கு முன்னால் நிற்கும் கப்பாசிட்டரைச் சந்தேகிப்பேன். அது கசிந்தால் பொட்டின் மேல் டிசி ஏறும். பொட்டின் உள்ளே இருக்கும் கை நகரும் ஒவ்வொரு இடத்திலும் அந்த டிசி துள்ளும், அதுதான் கரகர. பாட்டு ஓடாத நேரம் மீட்டரை வைத்துப் பாருங்கள். சில பத்து மில்லிவோல்ட் இருந்தாலே பழைய எலக்ட்ரோலிட்டிக்கைக் கழற்றி 1 மைக்ரோஃபரட் ஃபிலிம் கப்பாசிட்டர் போடுங்கள். பொட்டின் நடுக்காலில் இருந்து அடுத்த ஐசிக்குப் போகும் வழியிலும் ஒரு கப்பாசிட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் பக்கத்தில் இருந்தும் டிசி திரும்பி வரும்.

கேள்வி (மட்டக்குளி): வோல்யூமைத் துளி திருப்பினாலே அலறுகிறது. மீதிச் சுற்று முழுக்க சும்மா.

பதில்: பொட்டில் பி50கே என்று எழுதியிருக்கிறதா? பி என்றால் லீனியர், ஏ என்றால் லொக் (லோகரிதம்). லீனியர் பாதிச் சுற்றில் 6 டெசிபல்தான் குறைக்கும், காதுக்கு அது கிட்டத்தட்ட முழுச் சத்தம். லொக் பொட் அதே இடத்தில் 16 முதல் 20 வரை குறைக்கும். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்குப் போனால் ஏ50கே கேட்டு வாங்குங்கள், போக நேரமில்லை என்றால் பி50கேயின் நடுக்காலுக்கும் கிரவுண்டுக்கும் இடையில் 6.8 கிலோ ஓம் வையுங்கள். பாதிச் சுற்றில் 15 டெசிபல் அளவு குறையும். வோல்யூம் முழுக்க ஏற்றும்போது முன்னால் இருக்கும் கருவிக்கு 6 கிலோ ஓம் சுமை தெரியும். ஃபோனுக்கு அது பொருட்டில்லை, வால்வ் ப்ரீஅம்ப் தாங்காது.

கேள்வி (பம்பலப்பிட்டி): ஆர்டுயினோவும் பிடி 2258 வோல்யூம் ஐசியும் போட்டேன். ரிமோட் வேலை செய்கிறது. ஆனால் கரண்ட் கொடுத்தவுடன் சில நேரம் முழுச் சத்தத்தில் ஒரு கத்தல்.

பதில்: அந்த ஐசிக்கு கரண்ட் வந்த பிறகு 200 மில்லி செக்கனாவது விட்டுத்தான் முதல் கட்டளையை அனுப்ப வேண்டும். அவசரப்பட்டால் அது கேட்காது. பிஜிஏ 2311 என்ற வோல்யூம் ஐசி இந்த விஷயத்தில் நல்ல பிள்ளை, மியூட்டிலேயே கண் விழிக்கும்.

ஆனால் உங்கள் உண்மையான பிழை வேறு. ஆர்டுயினோவின் கால்கள் புரோகிராம் ஓடத் தொடங்கும்வரை அந்தரத்தில் தொங்கும். மியூட்டைக் கட்டுப்படுத்தும் கால் தொங்கினால் அம்ப் தன் இஷ்டத்துக்கு நடக்கும். அந்தக் காலை ஒரு 10 கிலோ ஓமால் மியூட் பக்கமாக இழுத்து வையுங்கள். யாரும் கட்டளை கொடுக்காத நேரம் அம்ப் ஊமையாக இருக்க வேண்டும். நான் சர்க்கியூட்டைப் பார்க்கும்போது முதலில் தேடுவது இதைத்தான். ஜே111 ஃபெட்டை (வோல்ட்டால் திறந்து மூடும் ட்ரான்சிஸ்டரை) மியூட்டுக்குப் போடுவதில் எனக்கு விருப்பம் அதனால்தான். கேட் என்ற அதன் கட்டுப்பாட்டுக் காலில் வோல்ட் இல்லாவிட்டால் அது தானாகக் கடத்தும், சிக்னல் கிரவுண்டுக்குப் போய்விடும். சத்தம் வேண்டும் என்றால்தான் அதற்கு மைனஸ் வோல்ட் கொடுக்க வேண்டும்.

கேள்வி (ஒரு கோயில் சபையில் இருந்து): மின்வெட்டுக்குப் பிறகு கரண்ட் வந்தால் மிக்சர், அம்ப் எல்லாம் ஒன்றாக எழும்பி, ஸ்பீக்கர் பொக்ஸ் வெடிக்கிற மாதிரி அடிக்கிறது. இரண்டு ட்வீட்டர் (உச்ச ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர்) போய்விட்டது.

பதில்: 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வெட்டிய காலத்தில் என் பட்டறையில் ட்வீட்டர்கள் குவிந்து கிடந்தன. ஒழுங்கு எல்லாருக்கும் தெரியும்: மிக்சர் முதலில், க்ரொஸ்ஓவர் (ஒலியைத் தாழ்வு, உச்சம் என்று பிரிப்பது) பிறகு, அம்ப் கடைசி. நிற்பாட்டும்போது அம்ப் முதலில். கரண்ட் போய் வரும்போது அதைச் செய்ய ஆள் இருக்காது, அதுதான் பிரச்சினை. அம்ப் லைனில் ஸ்டார்ட், ஸ்டொப் பொத்தான் உள்ள கொன்டாக்டர் (கரண்டால் இழுபடும் பெரிய சுவிட்ச்) ஒன்றை எலெக்ட்ரீசியனைக் கொண்டு போடுங்கள். கரண்ட் போனால் அது விழும், யாராவது பச்சைப் பொத்தானை அமுக்கும்வரை எழும்பாது. விலை கொடுத்து வாங்கும் சீக்குவென்சரை (கருவிகளை ஒன்றன்பின் ஒன்றாகப் போடும் பெட்டியை) விட இது எனக்குப் பிடிக்கும்.

கேள்வி (முகத்துவாரம்): மியூட்டில் விட்டால் கரண்ட் மிச்சமா?

பதில்: இல்லை. ஸ்டான்ட்பையில் விட்டால் மிச்சம்.

கேள்வி (வெள்ளவத்தை, அதே தம்பி): அப்படியென்றால் யூபிசி 1237 (ஸ்பீக்கர் பாதுகாப்பு ஐசி) போட்ட ரிலே போர்ட் தேவையில்லையா?

பதில்: தேவை. மியூட் சத்தத்துக்கு, ரிலே ஸ்பீக்கரின் உயிருக்கு. அம்ப் ஐசி ஷோர்ட் ஆனால் முழு டிசியும் ஸ்பீக்கரில் இறங்கும், அந்த நேரம் மியூட் கால் என்ன சொன்னாலும் பலனில்லை. என் சொந்த அம்பில் ஒருமுறை ரிலே 'டக்' என்று விழுந்தது, ஆனாலும் 8 அங்குல வூஃபர் (தாழ்ந்த ஒலிக்கான பெரிய ஸ்பீக்கர்) புகைந்தது. டிசி தீப்பொறி கொன்டாக்டுக்கு நடுவில் அணையாமல் நின்றிருக்கிறது. அதற்குப் பிறகு அம்பின் கம்பியை ரிலேயில் சும்மா இருக்கும்போது திறந்திருக்கும் முனைக்கும், ஸ்பீக்கரை நடு முனைக்கும், மூடியிருக்கும் முனையை கிரவுண்டுக்கும் கொடுக்கிறேன். தீப்பொறி நீண்டாலும் கிரவுண்டுக்குப் போய் ஃபியூஸ் போகும். ஃபியூஸ் 20 ரூபாயோ 50 ரூபாயோ, வூஃபர் அப்படியில்லை.