வாசகர் கேள்வி: ஓப்ராக்கில் ஒரு தட்டு அலிகோ

கேள்வி: ஜூன் மாதம் மகனுடன் பிரான்ஸில் க்ளெர்மோன்-ஃபெரானிலிருந்து மோன்பெலியேவுக்குக் காரில் செல்கிறோம். வழியில் ‘அலிகோ’ என்னும் உருளைக்கிழங்கு, பாலாடைக்கட்டிப் பண்டத்தைச் சாப்பிடாமல் வராதீர்கள் என்கிறார்கள். அதற்காக நெடுஞ்சாலையை விட்டு விலகிப் போகலாமா? என் மனைவி அசைவம் தொடமாட்டார். அவருக்கு ஆகுமா?
– வாசகர், திருச்சி

பதில்: அவசியம் போங்கள். நீங்கள் செல்லும் ஏ75 சாலையில் மியோ மேம்பாலத்தைத் தவிர வேறெங்கும் சுங்கக் கட்டணம் கிடையாது. ஓமோன்-ஓப்ராக்கில் வெளியேறி மேற்கே நாஸ்பினால் நோக்கி அரை மணி நேரம் ஏறினால், மரங்கள் குறைந்து, கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல் வெறும் புல்வெளியாக ஓப்ராக் பீடபூமி விரியும்; கண்ணுக்கு மை தீட்டியது போன்ற கோதுமை நிற மாடுகள் அங்கே மேய்ந்துகொண்டிருக்கும். 12ஆம் நூற்றாண்டு முதல் இவ்வழியே ஸ்பெயினின் சந்தியாகோவுக்கு நடந்த யாத்திரிகர்களுக்கு, ஓப்ராக் மடத்துத் துறவிகள் ரொட்டியும் புதுப் பாலாடைக்கட்டியும் சேர்த்துக் கிளறிக் கொடுத்ததே அலிகோவின் தொடக்கம் என்பது அவ்வூர் வழக்கு. ரொட்டியின் இடத்தை உருளைக்கிழங்கு பிடித்தது பிற்பாடுதான்.

வேகவைத்து மசித்த கிழங்கில் வெண்ணெய், க்ரீம், பூண்டு சேர்த்து, ‘தோம் ஃப்ரேஷ்’ என்னும் உப்பிடாத, முதிராத பாலாடைக்கட்டியைச் சீவிப் போட்டுக் கிளறுவார்கள். பிழிந்தெடுத்த பால்கட்டியை ஏறக்குறைய ஒரு நாள் புளிக்க வைப்பதால்தான் அதற்கு இழுபடும் குணம் வருகிறது. நான் சாப்பிட்ட இடத்தில், களி கிண்டும் துடுப்பைப் போன்ற மரக்கரண்டியால் சமையற்காரர் அடியிலிருந்து வாரி வாரித் தலைக்கு மேல் தூக்கினார். வெள்ளை நாடாவாக இறங்கிய அது அறுபடாமல் பளபளத்ததும், கத்தரிக்கோலால் நறுக்கித் தட்டில் விட்டார். வாயில் முதலில் பூண்டு மணமும், பிறகு இளம் பாலின் புளிப்பும் தெரிந்தன. சாலையோர ஓய்விடங்களில் சூடாக்கித் தரும் அலிகோவில் இந்த இழுவையும் மணமும் பாதிகூட இருப்பதில்லை என்பதால்தான் மலையேறச் சொல்கிறேன்.

உங்கள் மனைவிக்கு ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். அலிகோவில் இறைச்சி சேர்ப்பதில்லை என்றாலும், பாலை உறைய வைக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட்டை அங்கே பயன்படுத்துகிறார்கள். ஐரோப்பியப் பாலாடைக்கட்டியை ஏற்கெனவே உண்பவரானால் தடையில்லை. இதுவரை அறியாமல் இருந்தவரானால், மேசையில் அமர்வதற்கு முன்பே சொல்லிவிட்டு முடிவை அவரிடம் விடுவதே நியாயம். பெரும்பாலும் பன்றி இறைச்சி சொசேஜுடன் பரிமாறுவார்கள் என்பதால், “ஸான் ஸோஸிஸ்” (சொசேஜ் வேண்டாம்) என்று முன்கூட்டியே கேளுங்கள். ‘த்ரூஃபாத்’ என்ற பெயரைக் கண்டு இதுவும் அதுவே என்று எண்ணிவிடாதீர்கள். கிழங்கும் அதே கட்டியும்தான் என்றாலும், அதில் பன்றிக்கொழுப்பு சேர்வது வழக்கம்.

கிராமத்து உணவகங்களில் மதியச் சாப்பாடு பன்னிரண்டிலிருந்து இரண்டு மணி வரைதான். அதன்பின் அடுப்பை அணைத்துவிடுவார்கள். க்ளெர்மோனிலிருந்து காலை பத்து மணிக்குக் கிளம்பினால் சரியாக இருக்கும்.

கேள்வி: அலிகோவை நம் வீட்டில் செய்ய முடியுமா?
– வாசகி, கோவை

பதில்: தோம் ஃப்ரேஷ் இங்கே கிடைப்பது அரிது. பச்சைப் புள்ளியிட்ட மொஸரெல்லாவில் செய்தால் புளிப்பு குறையுமே தவிர இழுவை வரும். விலங்கு ரென்னெட் பற்றிய கவலையும் இல்லை. ஒரு கிலோ கிழங்குக்கு 400 கிராம் கட்டி, 200 கிராம் க்ரீம், 80 கிராம் வெண்ணெய், இரண்டு பல் பூண்டு போதும். கிழங்கை மிக்ஸியில் அடித்தால் பசையாகிவிடும் என்பதால் கையால் மசியுங்கள். கட்டியைச் சேர்த்தபின் தீயைக் கூட்டினால் நெய் பிரிந்து இழை அறுந்துவிடும். ஆறினால் இறுகும் பண்டம் என்பதால், எல்லோரும் தட்டின் முன் உட்கார்ந்த பிறகு கடைசிக் கிளறலைத் தொடங்குங்கள்.