ஒரு மருந்தின் பாதுகாப்பு இடைவெளியை எப்படி அளக்கிறார்கள்?

விலங்குச் சோதனையில் பாதி விலங்குகளுக்குப் பலன் தரும் அளவு ஒன்று, பாதியைக் கொல்லும் அளவு இன்னொன்று. இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் வருவது சிகிச்சைக் குறியெண். 10 மி.கி. பலன் தந்து 1000 மி.கி. கொன்றால் குறியெண் 100. மனிதர்களுக்கு என்றால் மரணத்துக்குப் பதிலாக நச்சு விளைவைப் பார்ப்பார்கள்.

ஆனால் இந்த எண்ணை மட்டும் நம்பக் கூடாது. இது பாதிப் பேரின் கணக்கு. சிறு அளவிலேயே பாதிக்கப்படுபவர்கள் இதில் மறைந்துவிடுவார்கள்.

இடைவெளி குறுகிய மருந்துக்கு லித்தியம் நல்ல உதாரணம். இருமுனை மனநோய்க்குத் தருவது. ரத்தத்தில் லிட்டருக்குச் சுமார் 0.6 முதல் 1.2 மில்லிமோல் வரை இருக்கலாம், 1.5ஐத் தாண்டினால் வாந்தி, நடுக்கம், தள்ளாட்டம் தொடங்கலாம். அதனால்தான் அடிக்கடி ரத்தப் பரிசோதனை. வயிற்றுப்போக்கில் உடல்நீர் வற்றினாலோ, வலிக்கு ஐபுபுரூஃபன் போட்டாலோகூட ரத்தத்தில் லித்தியத்தின் அளவு ஏறிவிடலாம். லித்தியம் எடுப்பவர்கள் தயவுசெய்து மருத்துவரிடம் கேட்காமல் வலி மாத்திரை போடாதீர்கள்.