வாங்கும் முன் ஒரு வார்த்தை: தெரியாத ஜீனுக்கு என்ன விலை?

போன மாதம் செல்லப் பாம்பு பற்றி நாலு வரி எழுதினேன். குக்கர், ஏசி கேள்விகளைவிட அதிகக் கடிதம் அதற்குத்தான் வந்திருக்கிறது. ஆகவே இந்த முறை முழுக்க பால் பைத்தான் என்ற சின்ன மலைப்பாம்பு. குக்கர்காரர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கே: பனானா கிளவுன் என்ற நிற வகையில் ஆண் குட்டி ஒன்றை ஒருவர் 600 டாலருக்குத் தருகிறார். அதே நிறத்துக்கு இணையத்தில் இன்னொருவர் 1,400 போட்டிருக்கிறார். இருவருமே "அபூர்வ வகை" என்கிறார்கள். எது சரியான விலை? (வாசகர், டல்லாஸ்)

ப: போட்டிருக்கிற விலை விற்பவரின் ஆசை. விற்றுப்போன விலைதான் விலை. பாம்பு விற்கும் மார்ஃப்மார்க்கெட் தளத்தில் அதே ஜீன், அதே பாலினம், கிட்டத்தட்ட அதே எடையில் பத்துப் பாம்புகளைக் குறித்து வைத்துக்கொண்டு மூன்று வாரம் கழித்துப் பாருங்கள். இன்னமும் தொங்கிக்கொண்டிருப்பவற்றை அடித்துவிடுங்கள். காணாமல் போனவற்றை ஒட்டிப் பேரம் பேசுங்கள்.

அபூர்வம் என்ற சொல்லுக்குத் தனியாகக் காசு கொடுக்காதீர்கள். 1992இல் பாப் கிளார்க் என்ற அமெரிக்கப் பாம்பு வளர்ப்பாளர் முதன்முதலில் ஆல்பினோ (கறுப்பு நிறமி இல்லாத) குட்டிகளை எடுத்துக் காட்டியபோது அது ஆயிரக்கணக்கான டாலர் சரக்கு. இன்று சந்தை மேசையில் டப்பா டப்பாவாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். பெட்டை ஒரு ஈட்டுக்கு ஆறு முட்டை போல இடும். வாங்கியவரெல்லாம் குட்டி எடுத்தால் அபூர்வம் எத்தனை வருடம் தாங்கும்?

ஒன்று மட்டும் கேளுங்கள்: பனானா ஜீன் இந்த ஆணுக்குத் தகப்பனிடமிருந்து வந்ததா, தாயிடமிருந்தா? தகப்பன் வழி என்றால் இதற்குப் பிறக்கும் பனானா குட்டிகள் பெரும்பாலும் ஆண். தாய் வழி என்றால் பெரும்பாலும் பெண். பெண் குட்டிக்குக் கூடுதல் விலை கிடைப்பதால், குட்டி எடுக்க நினைத்தால் இது பணக் கேள்வி. விற்பவருக்கே விடை தெரியவில்லை என்றால் 600ஐயும் குறைத்துக் கேளுங்கள்.

கே: நான் இருப்பது சிங்கப்பூர். சின்னக் குட்டியாக ஒன்று வளர்க்கலாமா?

ப: கூடாது. அங்கே பாம்பைச் செல்லப் பிராணியாக வைத்திருக்க அனுமதி இல்லை, சின்னதோ பெரியதோ.

கே: 66 சதவீத ஹெட் பைபால்ட் பெட்டை, 300 டாலர். சாதாரணப் பாம்பு போலத்தான் இருக்கிறது. வாங்கலாமா? (வாசகி, அட்லாண்டா)

ப: அம்மா, என் வாயைக் கிளறிவிட்டீர்கள்.

பைபால்ட் என்பது உடம்பில் திட்டுத் திட்டாக வெள்ளை பாய்ந்த வகை. இரண்டு பிரதி ஜீன் சேர்ந்தால்தான் வெள்ளை தெரியும். ஒரு பிரதி மட்டும் இருந்தால் ஹெட். பார்வைக்குச் சாதாரணப் பாம்புதான். இரண்டு ஹெட்டை இணை சேர்த்தால் சராசரியாக நாலு குட்டியில் ஒன்று பைபால்ட். மீதி மூன்றும் ஒரே மாதிரி இருக்கும். அதில் இரண்டுக்கு ஜீன் உண்டு, ஒன்றுக்கு இல்லை. எது எது என்று பெற்றெடுத்த தாய்ப்பாம்புக்கே தெரியாது. 66 சதவீதம் என்பது இதுதான். அதுவும் பெற்றோர் இரண்டும் உண்மையிலேயே ஹெட்டாக இருந்தால்.

2017இல் ஹூஸ்டன் பக்கம் ஒரு ஊர்வனச் சந்தையில் இதே 66 சதவீதத்தை நான் 350 டாலருக்கு வாங்கினேன். விற்றவர் பாம்பைப் புரட்டி, வால் பக்கத்து அடிவயிற்றில் தண்டவாளம் மாதிரி ஓடிய இரண்டு கறுப்புக் கோட்டைக் காட்டி, "இதுதான் ஹெட் அடையாளம்" என்றார். நானும் தலையாட்டினேன். எந்த ஜீனும் இல்லாத பாம்புக்கும் அந்தக் கோடு இருக்கும் என்று பிறகுதான் தெரிந்தது. மூன்று வருடம் எலி போட்டு, 1,500 கிராம் தாண்டும்வரை காத்திருந்து, நண்பரிடம் பைபால்ட் ஆண் இரவல் வாங்கிச் சேர்த்தேன். ஆறு முட்டை. 58ஆம் நாள் ஒவ்வொன்றாகக் கிழித்துக்கொண்டு மூக்கு வந்தது. ஆறும் பழுப்பு. தாய் நிஜமான ஹெட்டாக இருந்தால் அப்படி ஆவதற்கு 64இல் ஒரு வாய்ப்பு. விற்றவருக்குப் போன் போட்டேன். "நான் 66 என்றுதானே சொன்னேன், உங்களுடையது மீதி 34" என்றார். என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "பாம்புக்குப் பாம்புதானே பிறந்திருக்கிறது" என்று போய்விட்டாள்.

எனக்கு ஆத்திரம் இதில்தான். எந்தக் காலத்திலும் பொய்யாகாத ஒரு வாக்கை விற்கிறார்கள். குளத்தில் கிடக்கிற எருமைக்குக் கரையில் நின்று விலை சொல்வதிலாவது எருமை என்று ஒன்று இருக்கிறது. நம் மாட்டுச் சந்தையில் பல்லைப் பார்க்காமல் யாராவது துண்டுக்குள் விரலை நீட்டுவார்களா? இப்போது பாம்பு உரித்த சட்டையில் ஒரு துண்டை அனுப்பினால் பைபால்ட், ஆல்பினோ போன்ற சில ஜீன்களைப் பரிசோதித்துச் சொல்லும் ஆய்வகங்கள் அமெரிக்காவில் இருக்கின்றன. முடிவைக் காட்டினால் ஹெட் விலை. காட்டாவிட்டால் சாதாரணப் பாம்பின் விலை, ஒரு டாலர் கூட மேலே வேண்டாம். "சோதனை எதற்கு, என்னை நம்புங்கள்" என்றால் கிளம்பிவிடுங்கள்.

கே: பேபாலில் 'நண்பர்கள், குடும்பத்தார்' வழியாக 900 டாலர் அனுப்பினேன். ஆள் என்னை பிளாக் செய்துவிட்டார். பணம் திரும்புமா?

ப: அவர் உங்களுக்கு நண்பரா, குடும்பமா? அந்த வழியில் வாங்குபவருக்குப் பாதுகாப்பு கிடையாது என்று இந்தப் பத்தியில் எத்தனை முறை எழுதுவது! கிரெடிட் கார்டிலிருந்து போயிருந்தால் வங்கியிடம் முறையிட்டுப் பாருங்கள். அடுத்த தடவை, இன்றைய தேதி எழுதிய சீட்டைப் பாம்புக்குப் பக்கத்தில் வைத்துப் படம் கேளுங்கள்.

கே: ஸ்பைடர் வகைப் பாம்பு வாங்கினேன். தலையைத் திருகிக்கொண்டு மேலே பார்க்கிறது, எலியைக் குறி தவறிக் கொத்துகிறது. "பயண அலுப்பு, சரியாகிவிடும்" என்கிறார் விற்றவர். என் மகள் தான் ஏதோ தப்பாக வளர்த்துவிட்டதாக அழுகிறாள். (வாசகர், நியூ ஜெர்சி)

ப: முதலில் பாப்பாவிடம் சொல்லுங்கள், அவள் மேல் ஒரு தப்பும் இல்லை. அந்தத் தள்ளாட்டம் ஸ்பைடர் ஜீனோடு கூடவே வருவது. உள்காதில் சமநிலையைக் காக்கும் பகுதி சரியாக உருவாகாததை 2022இல் ஓர் ஆய்வு படம் பிடித்துக் காட்டியது. அலுப்பு இல்லை, சரியாகவும் ஆகாது. இந்த வகையை விற்பவருக்கு இது தெரியாமல் இருக்க வழியே இல்லை. "சரியாகிவிடும்" என்ற செய்தியைச் சேமித்து வைத்துக்கொண்டு, முழுப் பணத்தையும் எழுத்தில் கேளுங்கள். பாம்பைத் திருப்பிக் கொடுப்பதா என்பதை மகளிடம் விடுங்கள். வைத்துக்கொண்டால் இடுக்கியில் எலியைப் பிடித்து வாய்க்கு அருகில் காட்டுங்கள். குட்டி மட்டும் எடுக்க வேண்டாம்.

கே: டெலிகிராமில் ஒருவர் பாங்காக்கிலிருந்து வந்த குட்டி என்கிறார். 18,000 ரூபாய் முன்பணம், பேப்பர் அப்புறம் வருமாம். (வாசகர், வேளச்சேரி)

ப: வராது. சென்னை விமான நிலையத்தில் பாங்காக் பயணிகளின் பெட்டிக்குள்ளிருந்து சுங்கத்துறை பாம்பு எடுத்த செய்திகளை நீங்கள் படிப்பதே இல்லையா? பால் பைத்தான், வனவிலங்கு வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. வனவிலங்குச் சட்டத்தின் 2022 திருத்தமும் 2024 விதிகளும் வந்த பிறகு, வைத்திருப்பவர் மத்திய அரசின் பரிவேஷ் தளத்தில் பதிந்தாக வேண்டும், கைமாறினாலும் தெரிவித்தாக வேண்டும். அவர் 18,000 ரூபாய்க்கு உங்கள் தலையில் கட்டப் பார்ப்பது வழக்கு.

கே: பால் பைத்தானுக்கு வாரம் எத்தனை முறை பால் வைக்க வேண்டும்?

ப: அது ஆவின் பால் இல்லை ஐயா, பயந்தால் பந்து மாதிரி சுருண்டுகொள்ளும் பால். எலிதான் தின்னும். இருபது, முப்பது வருடம் தின்னும்.