33 வயதில் செவிலியர் படிக்கப் போகலாமா?

அன்புள்ள ஆலோசகருக்கு,

வணக்கம். பாபநாசம் வட்டத்தில், குடமுருட்டி ஆற்றங்கரையிலுள்ள ஒரு கிராமத்தில் வசிக்கிறேன். வயது 33. பன்னிரண்டாம் வகுப்பை வணிகவியல் பிரிவில் தமிழ் வழியில் முடித்துவிட்டு, கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக் கடையில் பதினோரு ஆண்டுகளாகக் கணக்கு எழுதி வருகிறேன். கணவருக்கு ஆறு மா நிலம் உண்டு. மகள் நான்காம் வகுப்பு படிக்கிறாள்.

மேட்டூர் அணை திறக்கத் தாமதமாகி நாங்கள் குறுவை போடாமல் விட்ட 2024-ஆம் ஆண்டில், ஆடிப்பெருக்குக்கு மறுநாள் என் அத்தைக்கு, அதாவது கணவரின் தாயாருக்கு, பக்கவாதம் வந்தது. கடையில் சம்பளமில்லா விடுப்பு எடுத்துக்கொண்டு நான்தான் பார்த்துக்கொண்டேன். மூன்றாவது வாரம் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு வந்த செவிலியர் அத்தையைப் புரட்டிப் பார்த்தபோதுதான், இடுப்புக்குக் கீழே உள்ளங்கையளவு படுக்கைப் புண் இருப்பதே எங்களுக்குத் தெரிந்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்கச் சொல்லி, எப்படித் திருப்புவதென்று கையைப் பிடித்துக் கற்றுக்கொடுத்தார். அன்று முதல் தினசரி நாள்காட்டியில் கிழித்த தாள்களின் பின்பக்கத்தில் '10 வலம், 12 இடம், 2 வலம்' என்று எழுதி வைத்தேன். தை மாதத்துக்குள் புண் ஏறக்குறைய ஆறிவிட்டது. மாசியில் மீண்டும் பக்கவாதம் வந்து அத்தை இறந்துபோனார். அந்த முதல் மூன்று வாரங்களை நினைத்தால் இன்றும் எனக்குச் சோறு இறங்குவதில்லை. தாள்களைத் தூக்கிப் போடவும் மனம் வரவில்லை.

அதன் பிறகு செவிலியராக வேண்டும் என்ற எண்ணம் என்னை விடவில்லை. ஓராண்டில் நர்ஸ் ஆகலாம் என்று சொன்ன ஒரு தனியார் நிறுவனத்தில் 28,000 ரூபாய் கட்டி ஏமாந்தேன்; அவர்கள் தரும் சான்றிதழை வைத்துச் செவிலியராகப் பதிவு செய்ய முடியாது என்று பிறகுதான் தெரிந்தது. கணவர் 'உன் இஷ்டம்' என்பதற்கு மேல் பேசுவதில்லை. நாத்தனார், 'பதினெட்டு வயதுப் பிள்ளைகளோடு போய் உட்காரப் போகிறாயா?' என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டுவிட்டார். எனக்கும் அதே கூச்சம்தான். இந்த ஆசை சரிதானா?

இப்படிக்கு,
பாபநாசம் வட்டத்து வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்த மூன்று வாரங்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உடல் எடை ஒரே இடத்தில் அழுந்தி அங்கே இரத்த ஓட்டம் குறைவதால் வருவது படுக்கைப் புண். யாராவது சொல்லித் தந்தாலொழிய வீட்டில் இருப்பவர்களுக்கு அது தெரிவதற்கு வழியில்லை. தெரிந்த நாளிலிருந்து ஒரு வேளைகூடத் தவறவிடாத நீங்கள், தெரியாமல் போன நாட்களுக்காக உங்களைத் தண்டித்துக்கொண்டிருக்கிறீர்கள். அத்தையைக் கொண்டுபோனது மறுபடியும் வந்த பக்கவாதம். உங்கள் மனம் அதை அந்தப் புண்ணோடு சேர்த்து முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறது.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், குற்ற உணர்வைத் தீர்த்துக்கொள்வதற்காக இந்தப் படிப்புக்குப் போனால், முதல் ஆண்டிலேயே நீங்கள் களைத்துப் போவீர்கள் என்பதுதான். உங்கள் அத்தைக்கு நீங்கள் ஒருவரே முழுநேரமும் இருந்தீர்கள். வார்டில் ஒரு செவிலியர் ஒரே நேரத்தில் பலரைப் பார்க்க வேண்டும், அவர்களில் சிலர் ஏசுவார்கள், சிலர் பிழைக்க மாட்டார்கள், அடுத்த கட்டிலுக்கு ஊசி போடும் நேரம் வந்துவிட்டால் இறந்தவருக்காக நின்று அழவும் முடியாது. முகம் தெரியாத, உங்களுக்கு நன்றி சொல்லாத ஒரு முதியவருக்கும் அதே தாளில் அதே கவனத்தோடு மணி குறிப்பீர்களா? உங்களுக்குக் கற்றுக்கொடுத்த அந்தச் செவிலியரைச் சந்தித்து, அவருடைய ஒரு நாள் எப்படிப் போகிறது என்று கேளுங்கள். அலுப்பூட்டும் பகுதிகளைக் குறிப்பாகக் கேளுங்கள். கேட்ட பிறகும் ஆசை நின்றால் அதை நம்பலாம். நான் சொல்வதானால், மணி பார்த்துச் செய்து, செய்ததை உடனே எழுதி வைக்கும் பழக்கம் இந்தத் தொழிலில் பாதி. அது உங்களிடம் முன்பே இருக்கிறது.

வயதைப் பொறுத்தவரை, கூச்சத்தைவிட நாள்காட்டிதான் உங்களுக்கு முக்கியம். இந்திய செவிலியர் குழுமத்தின் விதிப்படி, ஜி.என்.எம். எனப்படும் பொதுச் செவிலியம், மகப்பேறு செவிலியம் சேர்ந்த மூன்றாண்டுப் பட்டயப் படிப்பில் சேர 17 முதல் 35 வயது வரை இடமுண்டு. ஆங்கிலத்தோடு பன்னிரண்டாம் வகுப்பில் 40 விழுக்காடு பெற்றிருந்தால் அறிவியல் பிரிவு கட்டாயமில்லை. பி.எஸ்சி. நர்சிங்குக்கு இயற்பியலும் வேதியியலும் உயிரியலும் வேண்டும் என்பதால் அந்தக் கதவு உங்களுக்கு மூடியிருக்கிறது. ஒவ்வொரு பள்ளிக்கும் கூடுதல் நிபந்தனைகள் இருக்கக்கூடும் என்பதால், அந்தந்த ஆண்டின் விளக்கக் குறிப்பேட்டை வாங்கிப் படியுங்கள். பணம் கட்டுவதற்கு முன் அந்தப் பள்ளியின் பெயர் குழுமத்தின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். படித்து முடித்து தமிழ்நாடு செவிலியர் மற்றும் மகப்பேறு செவிலியர் குழுமத்தில் பதிவு செய்தால்தான் நீங்கள் செவிலியர். பாடங்கள் ஆங்கிலத்தில் இருக்கும் என்பதால், உடற்கூறியல் சொற்களை இப்போதே தினம் பத்தாக எழுதிப் பழகுங்கள்.

உங்கள் கடிதத்தில் நாத்தனாரின் பேச்சுக்குக் கொடுத்த இடத்தை மகளுக்குக் கொடுக்கவில்லை. ஜி.என்.எம். பள்ளிகள் பலவற்றில் மாணவியர் விடுதியில் தங்கிப் படிக்க வேண்டும். நான்காம் வகுப்புப் பிள்ளையை விட்டுவிட்டு மூன்று ஆண்டுகள் எப்படி என்பதுதான் உண்மையான கேள்வி. பதினெட்டு வயதுப் பிள்ளைகள் ஒரு மாதத்தில் உங்களை 'அக்கா' என்று கூப்பிடத் தொடங்கிவிடுவார்கள், அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

கணவர் 'உன் இஷ்டம்' என்று சொல்வதைச் சம்மதம் என்றும் கொள்ள வேண்டாம், மறுப்பு என்றும் கொள்ள வேண்டாம். தாயை இழந்தவர் அவர். மருத்துவமனை என்ற பேச்சே அவருக்கு அந்த மாசி மாதத்தை நினைவூட்டக்கூடும். 'சம்மதமா?' என்று கேட்டால் அதே பதில்தான் வரும். காலையில் மகளுக்குத் தலை பின்னி விடுவது யார், உங்கள் கடைச் சம்பளம் நின்ற பிறகு, சம்பா அறுத்துப் பணம் கைக்கு வருவதற்கு முன்பே கட்ட வேண்டிய கல்விக் கட்டணத்துக்கு என்ன வழி என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். பதில் சொல்லத் தொடங்கினால், தம்மையறியாமல் அவரும் திட்டத்துக்குள் வந்துவிடுவார்.

ஒரு மாலையில் அந்த நாள்காட்டித் தாள்களை எடுத்து மகளுக்குக் காட்டி, பாட்டிக்காக நீங்கள் என்ன செய்தீர்கள் என்றும், இனி என்ன படிக்க நினைக்கிறீர்கள் என்றும் சொல்லுங்கள். அவள் முதலில் என்ன கேட்கிறாள் என்பதை எனக்கு எழுதுங்கள். அடுத்த கடிதத்தை அங்கிருந்து தொடங்குவோம்.

அன்புடன்,
உளவியல் ஆலோசகர்