பதினேழு இடங்களும் ஒன்றரை நாளும்

அன்புள்ள ஐயா,

நாங்கள் தஞ்சாவூரில் வசிக்கிறோம். அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை விடியற்காலையில் எழும்பூரில் இறங்கி, ஞாயிறு இரவு ரயிலில் திரும்புவதாக இருக்கிறோம். நானும் என் கணவரும், பத்தாம் வகுப்பு படிக்கும் மகனும், அறுபத்தெட்டு வயதான என் மாமியாரும் வருகிறோம். சென்னைக்குப் பலமுறை வந்திருந்தாலும் பாரிமுனை, சௌகார்பேட்டைப் பக்கம் நாங்கள் போனதே இல்லை. நீங்கள் அந்தப் பகுதியைப் பற்றி அடிக்கடி எழுதுவதால் இம்முறை அங்கே சுற்றிப் பார்க்க விரும்புகிறோம். பார்க்க வேண்டியவை என்று பதினேழு இடங்களைக் குறித்து இணைத்திருக்கிறேன். இவற்றை எந்த வரிசையில் பார்ப்பது, வாடகைக் கார் வைத்துக்கொள்ளலாமா என்று சொன்னால் உதவியாக இருக்கும். அங்கே நெரிசலைத் தவிரப் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை என்கிறார் என் தோழி ஒருவர். மாமியாருக்கு மூட்டுவலி உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கி., தஞ்சாவூர்

அன்புள்ள கி. அவர்களுக்கு,

உங்கள் பட்டியலைப் பார்த்தேன். புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்தில் தொடங்கி, உயர் நீதிமன்றம், கந்தகோட்டம், ஆர்மீனியர் தேவாலயம் என்று போய், நடுவே மெரினாவையும் கபாலீசுவரர் கோவிலையும் தொட்டு, தியாகராய நகரில் முடிகிறது. கடைசியில் இருப்பது யாருடைய விருப்பம் என்று நான் கேட்கப்போவதில்லை. பதினேழில் எட்டை அடித்துவிட்டேன். கோட்டைக்கு மட்டுமே அரை நாள் வேண்டும் என்பதால் அதையும் அடுத்த வருகைக்கு வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சியவை அனைத்தும் பாரிமுனையும் சௌகார்பேட்டையும் அடங்கிய ஜார்ஜ் டவுனுக்குள் இருப்பவை, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்தே போகக்கூடியவை.

கார் வேண்டாம். சில ஆண்டுகளுக்கு முன் வெளிநாட்டிலிருந்து வந்த நண்பர் ஒருவருக்காக நானும் உங்களைப் போலவே ஒரு பட்டியல் போட்டு, வாடகைக் கார் அமர்த்தி, அவரை இந்தத் தெருக்களுக்கு அழைத்துச் சென்றேன். சரக்கு இறக்கிக்கொண்டிருந்த ஒரு லாரிக்குப் பின்னால் ஐம்பது நிமிடங்கள் நின்றோம். முன்னால் துணிமூட்டை, பின்னால் மீன்பாடி வண்டி, இருபுறமும் ஆள் உரசும் சுவர். பொறுமை இழந்து இறங்கி நடந்தபோது, ஒரு கண்ணாடிக் கடை வாசலில் நண்பர் நின்றுவிட்டார். உள்ளே ஒருவர் பெரிய கண்ணாடித் தகட்டை மேசையில் கிடத்தி, மர அளவுகோலை அழுத்திப் பிடித்து, வைர முனையால் ஒரே இழுப்பில் கோடு கிழித்தார். கிழிக்கும்போது பல் கூசும் ஒரு கீச்சொலி. பிறகு தகட்டை மேசை விளிம்புக்கு நகர்த்தி, அடியில் இரண்டு விரல்களால் மெல்லத் தட்டி, அப்பளத்தை உடைப்பதுபோல் உடைத்தார். பிசிறு இல்லை. பட்டியலில் இருந்த பதினான்கு இடங்களில் அன்று மூன்றைத்தான் பார்த்தோம். நண்பர் இன்று வரை கடிதங்களில் விசாரிப்பது அந்தக் கண்ணாடிக்காரரைத்தான்.

அன்றிலிருந்து, இந்தப் பகுதிக்கு வருகிறவர்களிடம் எங்கே போகலாம் என்று நான் சொல்வதில்லை, எந்த நேரத்தில் இருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன். ஜார்ஜ் டவுனுக்கு இரண்டு முகங்கள் உண்டு. வேலைநாளில் வணிகத்தைப் பார்க்கலாம். ஆனால் கட்டடங்களைப் பார்க்க முடியாது, ஏனென்றால் காலடியிலிருந்து கண்ணை எடுத்தால் எதன்மீதாவது மோதுவீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரும்பாலான ஷட்டர்கள் இறங்கியிருக்கும். தெரு திடீரென்று அகலமாகத் தோன்றும், கடைப்பலகைகளுக்கு மேலே முதல் மாடியில் இருக்கும் மரச் சன்னல்களும் சுதை வேலைப்பாடுகளும் கண்ணுக்குப் படும். உங்களுக்கு ஒரு சனிக்கிழமையும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் வாய்த்திருப்பது நல்ல வாய்ப்பு. சனிக்கிழமை மாலையை வணிகத்துக்கும் ஞாயிறு காலையைக் கட்டடங்களுக்கும் கொடுங்கள்.

வழி தவறிவிடும் என்ற அச்சம் வேண்டாம். பிராட்வே எனப்படும் பிரகாசம் சாலை இந்த ஊரை வடக்குத் தெற்காக இரண்டாகப் பிரிக்கிறது. கடலை ஒட்டிய கிழக்குப் பாதி முத்தியால்பேட்டை, மேற்குப் பாதி பெத்தநாயக்கன்பேட்டை. கிழக்குப் பாதியில் ராஜாஜி சாலையில் தொடங்கி அங்கப்ப நாயக்கன் தெரு, லிங்கிச் செட்டித் தெரு, தம்புச் செட்டித் தெரு, அரண்மனைக்காரத் தெரு எல்லாம் கடற்கரைக்கு இணையாக, கோடு போட்டதுபோல் ஓடுகின்றன. எதில் நின்றாலும் தெற்கு நோக்கி நடந்தால் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சாலையும், அதற்கப்பால் உயர் நீதிமன்றத்தின் சிவப்புக் கோபுரங்களும் வந்துவிடும்.

சனிக்கிழமை பகலில் அறையில் ஓய்வெடுத்துவிட்டு, மூன்றரை மணிக்குக் கிளம்புங்கள். எழும்பூரிலிருந்து மெட்ரோவில் ஏறினால் அடுத்த நிலையமே சென்ட்ரல். அங்கே நீல வழித்தடத்துக்கு மாறினால் அதற்கடுத்தது உயர் நீதிமன்ற நிலையம். மேலே ஏறி வந்ததும், பாரி நிறுவனத்தின் டேர் ஹவுஸ் நிற்கும் முனைக்கு முதலில் போங்கள். 1788இல் சென்னைக்கு வந்த தாமஸ் பாரி என்ற வேல்ஸ் நாட்டு வணிகரின் பெயரால்தான் அது பாரிமுனை. அந்தக் கட்டடத்தின் ஓரத்தில் 1773இல் நட்ட எல்லைக்கல் ஒன்று இருக்கிறது. உங்கள் மகனுக்கு அதை அவசியம் காட்டுங்கள், ஏனென்றால் இந்த ஊரின் கதை அதில்தான் இருக்கிறது.

இந்தியர்கள் வாழ்ந்ததால் ஆங்கிலேயர் கறுப்பர் நகரம் என்று அழைத்த பகுதி முதலில் கோட்டைச் சுவரை ஒட்டியே இருந்தது. 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்தார்கள். 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி மீண்டும் முற்றுகையிட்டார். எதிரிகள் வீடுகளின் மறைவில் நின்று சுட முடிகிறது என்பதைக் கண்ட ஆங்கிலேயர், கோட்டைக்கு வடக்கே இருந்த வீடுகளையும் கோவிலையும் இடித்துத் தள்ளி, பீரங்கி சுடுவதற்கு வசதியாக வெட்டவெளி ஆக்கினார்கள். இனி இதைத் தாண்டி யாரும் கட்டக்கூடாது என்று நட்ட கற்களில் மிஞ்சியது இந்த ஒன்றுதான். அந்த வெட்டவெளியில்தான் 1892இல் திறக்கப்பட்ட உயர் நீதிமன்றக் கட்டடம் இப்போது நிற்கிறது. எல்லைக்கு வடக்கே தள்ளப்பட்ட மக்கள் குடியேறிய புதிய கறுப்பர் நகரத்துக்கே, கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐந்தாம் ஜார்ஜின் பெயரால் ஜார்ஜ் டவுன் என்று பெயரிட்டார்கள். அந்தக் கல்லில் கைவைத்து நின்றால், பின்னால் ஒரு தெருவில் இத்தனை நெரிசலும் முன்னால் அத்தனை பரந்த வளாகமும் ஏன் என்பது விளங்கும். நெரிசலைத் தவிர ஒன்றும் இல்லை என்ற உங்கள் தோழியிடம் இதைச் சொல்லலாம்: அந்த நெரிசலுக்கே இருநூற்றைம்பது ஆண்டு வரலாறு இருக்கிறது.

நீதிமன்ற வளாகத்துக்குள் போக முயல வேண்டாம், வெளியிலிருந்தே பாருங்கள். அதன் உயர்ந்த கோபுரம் 1894 முதல் 1977 வரை கலங்கரை விளக்கமாக இருந்தது. கிழக்குப் பக்க மதிலில், 1914 செப்டம்பர் 22 அன்று ஜெர்மனியின் எம்டன் போர்க்கப்பல் குண்டு வீசியதைக் குறிக்கும் கல் ஒன்று உண்டு. மகனின் வரலாற்றுப் பாடம் முதல் உலகப் போரில்தான் தொடங்குகிறது என்பதால் அவனுக்கு அது பிடிக்கலாம்.

அங்கிருந்து மேற்கே நடந்து பூக்கடைப் பக்கம் போனால், தேவராச முதலித் தெருவில் சென்ன கேசவப் பெருமாள், சென்ன மல்லீசுவரர் கோவில்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. இடிக்கப்பட்ட பழைய கோவிலுக்கு ஈடாக 1760களில் மணலி முத்துக்கிருஷ்ண முதலியாரின் முயற்சியில் எழுந்த இரட்டைக் கோவில்கள் இவை. நீங்கள் போகும் மாலை நேரத்தில் நடை திறந்திருக்கும். மாமியாரை மண்டபத்தில் அமரவைத்துவிட்டு நீங்கள் மூவரும் தெருவைச் சுற்றி வாருங்கள். இந்தப் பகுதியில் வயதானவர்கள் உட்கார ஏற்ற இடங்கள் கோவில் மண்டபங்கள்தான், ஆகவே நடையை ஒரு கோவிலிலிருந்து அடுத்த கோவிலுக்கு என்று அமைத்துக்கொண்டால் மூட்டுவலிக்காரர்களும் தாக்குப்பிடிப்பார்கள். இதே தெருவில்தான் கண்ணாடிக் கடைகள் இருக்கின்றன. ஆண்டர்சன் தெருவில் காகிதமும் கல்யாணப் பத்திரிகையும், கோடவுன் தெருவில் துணியும் என்று ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு சரக்கு. பெரும்பாலும் மொத்த வியாபாரம் என்பதால் ஒன்றே ஒன்று வேண்டும் என்று கேட்டால் முகம் சுளிப்பார்கள், டஜனாகக் கேட்டால் நாற்காலி போடுவார்கள். பின்னால் “ஓரம், ஓரம்” என்று குரல் கேட்டால் திரும்பிப் பார்க்காமல் சுவரோரம் ஒதுங்குங்கள். தலையில் மூட்டையோடு வருபவரால் நிற்க முடியாது.

அடுத்தது ராசப்ப செட்டித் தெருவில் இருக்கும் கந்தகோட்டம். வள்ளலார் இளமையில் சென்னையில் வாழ்ந்த நாட்களில் பாடிப் பரவிய முருகன் இவர். ‘தருமமிகு சென்னை’ என்ற தொடர் அந்தப் பாடல்களிலிருந்து வந்ததுதான். வெளியே அவ்வளவு இரைச்சல் இருக்க, உள்ளே குளக்கரையில் அமர்ந்தால் அது வேறு ஊர்போல் தோன்றும். அங்கே அரை மணி நேரமாவது இருங்கள்.

இருட்டியதும் தங்கசாலைத் தெரு. கிழக்கிந்தியக் கம்பெனியின் நாணயச் சாலையால் வந்த பெயர் இது. மிகவும் நீளமான தெரு, முழுவதையும் நடக்க வேண்டியதில்லை. சௌகார்பேட்டையை ஒட்டிய பகுதியில் ஜிலேபியும் கச்சோரியும் மசாலாப் பாலும் கிடைக்கும். போஸ் சாலைக்கே திரும்பிவிட்டால் நெய் மிதக்கும் பொடி இட்லியும் உண்டு. இரவு உணவை இதிலேயே முடித்துவிடலாம். உங்கள் மகனுக்கு அத்தோ பிடிக்கலாம். அதற்குக் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிர்ப்பக்கம் போக வேண்டும். பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்த நூடுல்ஸ் உணவு அது. முட்டைகோசும் வறுத்த வெங்காயமும் புளித்தண்ணீரும் சேர்த்துக் கையாலேயே பிசைந்து தருவார்கள், கூடவே வாழைத்தண்டு சூப்பும் வரும். மாமியாரையும் உங்களையும் ஆட்டோவில் அறைக்கு அனுப்பிவிட்டுத் தந்தையும் மகனும் மட்டும் போகட்டும். அங்கிருந்து எழும்பூருக்கு மின்சார ரயிலில் மூன்றாவது நிறுத்தம்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்கே வந்துவிடுங்கள். அதே மெட்ரோ நிலையத்தில் இறங்கித் தம்புச் செட்டித் தெருவுக்குள் நுழைந்தால் காளிகாம்பாள் கோவில். 1677இல் சத்ரபதி சிவாஜி இங்கே வழிபட்டதாகக் கோவிலில் எழுதி வைத்திருக்கிறார்கள். பாரதியாரும் சுதேசமித்திரனில் வேலை பார்த்த நாட்களில் இங்கே வந்து வணங்கியதாகச் சொல்வார்கள். தரிசனம் முடிந்து வெளியே வந்ததும் தெருவின் நடுவில் நின்று மேலே பாருங்கள். நான் இளமையில் இந்தத் தெருவில் ஒரு கணக்கெழுதும் அலுவலகத்தில் மூன்றாண்டுகள் வேலை பார்த்தேன். எங்கள் கட்டடத்தின் முதல் மாடியில் செதுக்குவேலை செய்த ஒரு மர உப்பரிகை இருந்தது என்பதை, வேலையை விட்ட பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை தற்செயலாக வந்தபோதுதான் முதன்முதலில் கவனித்தேன்.

அடுத்த தெரு அரண்மனைக்காரத் தெரு. அங்கே அரண்மனை எதுவும் இருந்ததில்லை. ஆர்மீனியர் என்ற சொல் தமிழர் நாவில் புழங்கி அரண்மனைக்காரர் ஆகிவிட்டது, நல்ல பெயர்தான். அங்கிருக்கும் ஆர்மீனியர் தேவாலயம் 1772இல் கட்டியது. உலகின் முதல் ஆர்மீனிய மொழி இதழான ‘அஸ்தரார்’ 1794இல் இந்தச் சென்னையிலிருந்துதான் வெளிவந்தது, அதை நடத்திய பாதிரியார் ஷ்மாவோனியன் இந்த வளாகத்தில்தான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். வழிபடுவதற்கு ஆர்மீனியர்கள் இங்கே இல்லாமல் போன பின்னும் ஞாயிறுதோறும் காலை ஒன்பதரை மணியளவில் மணிக்கூண்டின் ஆறு பெரிய மணிகளை ஒலிக்கும் வழக்கம் தொடர்கிறது. ஆகவே ஒன்பதே காலுக்குள் அந்தத் தெருவில் இருக்கும்படி நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் முன்னதாக வந்துவிட்டால் அதே தெருவில் இருக்கும் அந்தோணியார் கோவிலைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். செவ்வாய்க்கிழமைகளில் எல்லா மதத்தவரும் திரளும் இடம் அது.

அதன் பிறகு மாமியாரால் முடியுமானால் ராஜாஜி சாலைக்கு ஆட்டோவில் போய், 1884இல் எழுந்த தலைமை அஞ்சலகத்தையும் பக்கத்தில் உள்ள ஸ்டேட் வங்கிக் கட்டடத்தையும் எதிர்ப்புறத்திலிருந்து பாருங்கள். முடியாவிட்டால் விட்டுவிடுங்கள். பதினொரு மணிக்குள் அறைக்குத் திரும்பிவிட வேண்டும். வெயில் ஏறிய பிறகு இந்தத் தெருக்களில் மர நிழல் கிடையாது.

இன்னும் சில சொல்ல வேண்டும். தண்ணீரைக் கையோடு கொண்டு வாருங்கள். நல்ல கழிப்பறை கிடைப்பது கடினம் என்பதால் மெட்ரோ நிலையத்தில் இருப்பதைத் தவறவிடாதீர்கள். மாமியார் செருப்புக்குப் பதிலாகப் பின்பட்டை வைத்த காலணி அணிவது நல்லது, ஈரமான தரையில் வழுக்காது. கடைக்காரர்களையும் சுமைதூக்குபவர்களையும் படமெடுப்பதற்கு முன் மகன் ஒரு வார்த்தை கேட்டுவிடட்டும், கேட்டால் பெரும்பாலும் சிரித்துக்கொண்டே நிற்பார்கள்.

நாளை மாற்றும் எண்ணம் இருந்தால் தீபாவளிக்கு முந்தைய வாரங்களைத் தவிருங்கள், அப்போது நடக்கவே முடியாது. புரட்டாசியில் வருவதானால், சென்ன கேசவப் பெருமாள் கோவிலிலிருந்து திருப்பதிக்குத் திருக்குடைகள் புறப்பட்டு யானைக்கவுனியைத் தாண்டும் நாள் எது என்று கேட்டு வையுங்கள். அன்று கூட்டம் மிக அதிகம்தான். ஆனால் மாமியாரிடம் அதைச் சொன்னால் மூட்டுவலியைப் பொருட்படுத்த மாட்டார் என்று நினைக்கிறேன்.