பழைய வலி போச்சு, புது வலி வந்தாச்சு!

கேள்வி: வயது 52. கழுத்தில் 5, 6-ஆம் எலும்புகளுக்கு நடுவே டிஸ்க் நரம்பை அழுத்தியதால் ஆபரேஷன் செய்து பிளேட் வைத்திருக்கிறார்கள். ஏழு வாரம் ஆகிறது. வலது கட்டைவிரல் வரை இழுத்த வலி போய்விட்டது. ஆனால் இப்போது இடது தோளைத் தூக்க முடியவில்லை. வலது சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகின்றன. ஆபரேஷன் சரியாக நடக்கவில்லையா டாக்டர்?

பதில்: கட்டைவிரல் வலி போய்விட்டது என்கிறீர்களே, எனக்கு அதுதான் பெரிய ஆறுதல். 5-6க்கு நடுவே கிளம்பும் நரம்பு கட்டைவிரல் பக்கம்தான் போகிறது. எதற்காக ஆபரேஷன் செய்தார்களோ அது நடந்திருக்கிறது என்றே நினைக்கிறேன்.

சுண்டுவிரல் நரம்பு வேறு. முழங்கையில் இடித்துக்கொண்டால் சுரீரென்று கரண்ட் அடிக்குமே, அந்த இடத்தின் வழியாகப் போவது. கழுத்துக்குக் காலர் போட்டிருக்கும் நாட்களில் பலர் நாற்காலிக் கையில் முழங்கையை ஊன்றியே உட்கார்ந்திருப்பார்கள். தூங்கும்போதும் கையை மடக்கி மார்பில் வைத்துக்கொள்வார்கள். நீங்களும் அப்படியா என்று கவனியுங்கள். இரவில் ஒரு துண்டை முழங்கையைச் சுற்றித் தளர்வாகக் கட்டிக்கொண்டால் கை அதிகம் மடங்காது. இரண்டு மூன்று வாரத்தில் குறையாவிட்டால் நரம்புப் பரிசோதனை செய்யவேண்டும். கழுத்தின் கீழ்ப்பகுதி நரம்பிலிருந்தும் இது வரலாம்.

அடுத்து தோள். கையைத் தளரவிட்டு, வீட்டில் ஒருவரை மெதுவாகத் தூக்கச் சொல்லுங்கள். அவர் தூக்கினாலும் பாதியில் முட்டி நின்றால், மூட்டு இறுகியிருக்கிறது. கழுத்துக்குப் பயந்து கையை அசைக்காமலே வைத்திருந்தால் இப்படி ஆகும். பிசியோதெரபியில் சரியாகும், மாதக்கணக்கில் பொறுமை வேண்டும். சர்க்கரை இருப்பவர்களுக்கு இது அதிகம் வரும் என்பதால் ரத்தத்தையும் பார்த்துவிடுங்கள். அவர் தூக்கும்போது சுலபமாக மேலே போய், நீங்களாகத் தூக்கினால் மட்டும் கை தொய்கிறது என்றால் அது நரம்பின் பலவீனமாக இருக்கலாம். உங்கள் சர்ஜனிடம் உடனே காட்டுங்கள்.

நீங்களாக வலி மாத்திரை வாங்கிப் போடவேண்டாம். அவற்றில் சில, பிளேட் வைத்த இடத்தில் எலும்பு ஒட்டுவதைத் தாமதப்படுத்தலாம்.

சட்டைப் பித்தான் போட விரல் தடுமாறுவது, நடை தள்ளாடுவது, சிறுநீர் கட்டுப்படாமல் போவது, காய்ச்சல்: இதில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

அப்புறம், சர்ஜனைப் பார்க்கப் போகுமுன் ஒரு தாளில் உங்கள் கையை வரைந்து, மரத்துப்போகும் இடத்தைப் பென்சிலால் நிழலிட்டு எடுத்துப் போங்கள். என்னிடம் வருகிறவர்களை நான் இதைத்தான் செய்யச் சொல்வேன். மோதிரவிரலில் பாதிதான் மரக்கிறதா, முழுவதுமா என்பதுகூட எங்களுக்கு வழிகாட்டும்.